காற்று மூலக்கூறின் வேகத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி: ஒரு கால்பந்து, ஒரு தராசு, ஒரு ஊறுகாய்ப் பாட்டில்

பதினோராம் வகுப்பில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கையைப் படித்தவர்களுக்கு அந்தச் சூத்திரம் நினைவிருக்கும். அழுத்தம் என்பது அடர்த்தியையும் மூலக்கூறுகளின் வேக வர்க்கச் சராசரியையும் பெருக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலானோர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியதோடு விட்டுவிடுகிறோம். அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அழுத்தத்தை மூன்றால் பெருக்கி அடர்த்தியால் வகுத்தால் வேகத்தின் வர்க்கம் வந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வேகத்தை அறிய ஒரு அழுத்தமானியும் ஒரு தராசும் போதும் என்று அந்த ஒற்றை வரி சொல்கிறது.

சோதனையைச் செய்து பார்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் முதல்முறை செய்பவர்களில் பலருக்கு விடை தவறாக வரும். அதற்குக் காரணம் இயற்பியல் புரியாமை அல்ல. காற்றில் இருக்கும் ஈரம், கம்பிக்குள் இருக்கும் இண்டு, கைபேசியில் பார்த்த வானிலைச் செய்தி போன்றவைதான் காலை வாரிவிடும். ஆகவே படிகளைவிடப் பொறிகளுக்கே இங்கே அதிக இடம்.

1. என்ன அளக்கப் போகிறீர்கள்

இரண்டு தனித்தனிச் சோதனைகள். முதலாவதில் ஒரு கால்பந்திலிருந்து 3 லிட்டர் காற்றை வெளியே விட்டு, பந்தின் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பீர்கள். அதிலிருந்து அடர்த்தியும், அடர்த்தியிலிருந்து மூலக்கூறின் சராசரி இருமடிமூல வேகமும் (வேக வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) கிடைக்கும். 30 டிகிரி அறையில் உலர்ந்த காற்றுக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 511 மீட்டர். உங்கள் விடை 500-க்கும் 520-க்கும் நடுவில் விழுந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இரண்டாவதில், மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை 0 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை சூடாக்கி, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று குறிப்பீர்கள். அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அழுத்தம் சுழியாகும் வெப்பநிலை தெரியும். அதுதான் தனிச்சுழி, −273.15 டிகிரி. வேகத்தின் வர்க்கம் வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று கிடைக்கும்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

விலைகள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். எல்லாம் புதிதாக வாங்கினாலும் மொத்தம் 2,000 ரூபாயை ஒட்டித்தான் வரும்.

- 500 கிராம் வரை தாங்கி 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. செலவில் பெரிய பங்கு இதற்கும் கீழே வரும் இஎஸ்பி32 பலகைக்கும்தான். 200 கிராம் தராசு வேண்டாம், பந்து மட்டுமே 410 முதல் 450 கிராம் இருக்கும்.
- 5-ஆம் எண் கால்பந்து. கையால் தைத்ததைவிட ரப்பரில் வார்த்தது நல்லது. தைத்த பந்தின் துணி அடுக்குகள் மழைக்கால ஈரத்தை உறிஞ்சி எடையை மெல்ல மாற்றிக்கொண்டே இருக்கும்.
- பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி இரண்டு, அளவுமானி உள்ள கால் பம்ப், ஒரு மீட்டர் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். மீன்தொட்டிக் கடையில் குழாய் கிடைக்கும். போகும்போது ஊசியை எடுத்துப் போய், அதன் தடித்த அடிப்பகுதியில் இறுக்கமாக ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.
- 1 லிட்டர் அளவு உருளை. பீக்கரில் உள்ள கோடுகளை நம்பாதீர்கள், அவை தோராயத்துக்காகப் போட்டவை. உருளை கிடைக்காவிட்டால் குடிநீர் பாட்டில் போதும். மளிகைக் கடைத் தராசில் காலியாகவும், கழுத்தில் நீங்கள் இட்ட கோடு வரை நீர் நிரப்பியும் எடை போடுங்கள். 30 டிகிரியில் 1 மில்லிலிட்டர் நீர் 0.996 கிராம். ‘1 லிட்டர்’ என்று அச்சிட்ட பாட்டில் விளிம்பு வரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேலேயே பிடிக்கும்.
- பிஎம்பி280 அழுத்த சென்சார், அதைப் படிக்க இஎஸ்பி32 பலகை (நிரல் ஏற்றி ஓட்டும் சிறு கணினி), நீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், அதற்கு 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று.
- அரை லிட்டர் கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டில், தகர மூடியோடு. எம்-சீல் அல்லது எப்பாக்சி பசை. சிலிக்கா ஜெல் 50 கிராம்.
- தையல்காரர் நாடா. இது எதற்கு என்று 7-ஆம் படியில் தெரியும்.

3. நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், குறிப்பேட்டைத் திறந்து வையுங்கள்

ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். முதல் நாள் சென்சாரை இணைத்து, மூடியில் துளையிட்டு, பசை பூசுங்கள். பசை 24 மணி நேரம் காயட்டும். இரண்டாம் நாள் காலையில் பந்துச் சோதனை, இரண்டரை மணி நேரம். அன்று மாலையே பாட்டிலுக்குள் சிலிக்கா ஜெல்லைப் போட்டு மூடிவிடுங்கள். மூன்றாம் நாள் பாட்டில் சோதனை, மூன்று மணி நேரம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் நேரம், அறை வெப்பநிலை, நீரின் வெப்பநிலை, அறை அழுத்தம், தராசு காட்டியது என ஐந்து நிரல்கள். தராசின் எண்ணை அப்படியே எழுதுங்கள், மனதில் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் எழுத வேண்டாம். தவறு எங்கே நேர்ந்தது என்று பிறகு தேடும்போது மூல எண்கள்தான் கைகொடுக்கும். அறிவியல் கண்காட்சிக்கோ செய்முறைத் தேர்வுக்கோ கொண்டு போகிறவர்கள், சென்சாரின் தரவுத்தாளில் வீச்சும் துல்லியமும் உள்ள பக்கத்தை அச்சிட்டு ரெக்கார்டில் ஒட்டிவிடுங்கள். ‘இந்த எண் எவ்வளவு சரி’ என்ற கேள்வி கட்டாயம் வரும்.

4. சென்சாரை இணைத்து அறையின் அழுத்தத்தை எடுங்கள்

பிஎம்பி280-க்கு நான்கு கம்பிகள்: 3.3 வோல்ட், தரை, தரவு, கடிகாரம். ஆறு கால்கள் உள்ள மலிவான பலகைகள் 3.3 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனவை, 5 வோல்ட்டில் மாட்டினால் கெட்டுவிடும். 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ நானோ பலகையைவிட இஎஸ்பி32-ஐச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

‘சென்சார் கிடைக்கவில்லை’ என்று திரையில் வந்தால் பதறாதீர்கள். இந்த சென்சாருக்கு இரண்டு முகவரிகள் உண்டு, பதினாறடி எண் முறையில் 76 அல்லது 77. மலிவான பலகைகள் பெரும்பாலும் 76-இல் இருக்கும், பரவலாகப் பயன்படும் நிரல் நூலகமோ 77-இல் தேடும். நிரலில் அந்த ஒரு எண்ணை மாற்றினால் சரியாகிவிடும்.

சென்சாரை நொடிக்குப் பல முறை படிக்க விடாதீர்கள், பத்து நொடிக்கு ஒரு முறை போதும். ஓயாமல் ஓடினால் தன் சூட்டிலேயே தன் வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

கைபேசி வானிலைச் செயலி காட்டும் அழுத்தத்தை ஒருபோதும் கணக்கில் போடாதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட எண். சென்னையில் வித்தியாசம் தெரியாது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் உண்மையான அழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கலை (1 ஹெக்டோபாஸ்கல் = 100 பாஸ்கல்) ஒட்டி இருக்கும்போது, செயலி 1,013-க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லும். அதை எடுத்தால் வேகம் 14 விழுக்காடு கூடிவிடும். உங்கள் சென்சார் காட்டும் நேரடி எண்ணே வேண்டியது. அதன் பிழை 1 ஹெக்டோபாஸ்கல் அளவுதான்.

5. பந்தை எடை போடுதல்

பந்தின் வால்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 8.5 முதல் 15.6 பவுண்டு (psi) வரை. 12 பவுண்டுக்கு அடியுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரில் வேண்டாம். கண்ணிமைக்கும் நேரத்தில் அளவு மீறிவிடும்.

ஊசியைக் காய்ந்தபடி குத்தினால் வால்வின் ரப்பர் உள்ளே போய்விடும் அல்லது கிழிந்துவிடும். ஒரு சொட்டு கிளிசரின் தடவிக் குத்துங்கள். எடை போடும் முன் வால்வைச் சுற்றித் துடைத்துவிடுங்கள், ஒரு சொட்டே 0.05 கிராம் இருக்கும்.

காற்று அடித்ததும் எடை போடக் கூடாது. அழுத்தும்போது காற்று சூடாகிறது, சூடான பந்தைச் சுற்றி அறைக் காற்று மேலெழும்பி எடையைக் குறைத்துக் காட்டும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மின்விசிறியை அணைத்து, சன்னலை மூடுங்கள். தராசின் தட்டில் ஒரு பேப்பர் கப்பின் மேல்பாதியை வளையமாக வெட்டி வைத்தால் பந்து உருளாது, திரையும் மறையாது. வளையத்தோடு சேர்த்துச் சுழியாக்கிக்கொள்ளுங்கள்.

பந்தை வைத்து எண் நிலைத்ததும் குறியுங்கள். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இப்படி ஐந்து முறை. ஐந்தும் 0.03 கிராமுக்குள் அடங்கினால் தொடரலாம். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால் பந்து கசிகிறது. வால்வில் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள்.

பிறகு நாடாவை எடுத்துப் பந்தின் நடுச்சுற்றளவை மூன்று திசைகளில் அளந்து சராசரி காணுங்கள். மில்லிமீட்டர் வரை வேண்டும்.

6. மூன்று லிட்டரை வெளியே விடுதல்

அகன்ற வாளியில் நீர் பிடித்து முந்தின நாள் இரவே அறைக்குள் வைத்துவிடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து மதியம் பிடித்த நீர் அறையைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும், அதில் சேகரிக்கும் காற்றும் விரிந்துவிடும்.

அளவு உருளையை நீரில் முழுக்க அமிழ்த்தி, குமிழ் ஒன்றுகூட இல்லாமல் நிரப்பித் தலைகீழாகத் தூக்கி நிறுத்துங்கள். குழாயின் ஒரு முனையை அதன் வாய்க்குக் கீழே விடுங்கள். மறுமுனையை ஊசியோடு நூலால் இறுக்கிக் கட்டி, குழாயை மடித்துக் கையால் நெரித்தபடி ஊசியைப் பந்தில் செருகுங்கள். மெல்ல விடுங்கள். பிடியைத் தளர்த்தியதும் குமிழ்கள் சரம் சரமாக ஏறும், உருளைக்குள் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும்.

1 லிட்டர் கோட்டை நெருங்கும்போது உருளையை ஏற்றி இறக்கி, உள்ளே உள்ள நீர்மட்டமும் வாளியின் நீர்மட்டமும் ஒன்றாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். உள்மட்டம் 10 சென்டிமீட்டர் மேலே நின்றால் உள்ளே அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைவு, கணக்கில் ஒரு விழுக்காடு போயிற்று. கோட்டைத் தொட்டதும் நெரித்து நிறுத்துங்கள். உருளையை மறுபடி நிரப்பி இன்னும் இரண்டு முறை. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

1 லிட்டரோடு நிறுத்தக் கூடாதா என்றால், நிறுத்தலாம். ஆனால் எடை வித்தியாசம் 1.1 கிராம்தான் இருக்கும், தராசின் 0.03 கிராம் தடுமாற்றமே அதில் மூன்று விழுக்காடு. 3 லிட்டரில் அதே தடுமாற்றம் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

பந்தை நீருக்கு அருகே கொண்டு போகாதீர்கள், ஈரக் கையால் தொடாதீர்கள். ஒரு மீட்டர் குழாய் அதற்காகத்தான். காற்று வெளியேறியதில் பந்து கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அரை மணி நேரம் விட்டு, முன்போலவே ஐந்து முறை எடை போட்டு, சுற்றளவையும் மறுபடி அளந்து குறியுங்கள்.

7. இரண்டு திருத்தங்கள், பிறகு கணக்கு

முதல் திருத்தம் பந்தின் உப்பல். காற்று அதிகம் இருந்தபோது பந்து பெரிதாக இருந்தது. பெரிய பந்தை அறைக் காற்று அதிகமாகத் தாங்கியிருக்கும், அதனால் தராசு குறைத்துக் காட்டியிருக்கும். சென்டிமீட்டரில் அளந்த சுற்றளவின் மும்மடியை (சுற்றளவு × சுற்றளவு × சுற்றளவு) 59.2-ஆல் வகுத்தால் பந்தின் பருமன் கன சென்டிமீட்டரில் வரும். சுற்றளவு 69.4-இலிருந்து 69.1-க்கு இறங்கியிருந்தால் பருமன் 73 மில்லிலிட்டர் சுருங்கியிருக்கிறது. அறைக் காற்று லிட்டருக்கு 1.15 கிராம் என்று வைத்தால் திருத்தம் 0.08 கிராம். தராசு காட்டிய எடைக் குறைவோடு இதைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் திருத்தம் நீராவி. நீருக்கு மேல் சேகரித்த காற்றில் நீராவியும் கலந்து இடம் பிடித்திருக்கும், அது பந்திலிருந்து வந்ததல்ல. நீரின் வெப்பநிலையில் உள்ள தெவிட்டிய ஆவி அழுத்தத்தை அறை அழுத்தத்திலிருந்து கழியுங்கள். 25 டிகிரியில் 31.7 ஹெக்டோபாஸ்கல், 28-இல் 37.8, 30-இல் 42.4, 32-இல் 47.6.

ஒரு மாதிரிக் கணக்கு. அறை அழுத்தம் 1,008 ஹெக்டோபாஸ்கல், நீர் 30 டிகிரி, தராசு காட்டிய குறைவு 3.28 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

திருத்திய எடைக் குறைவு: 3.28 + 0.08 = 3.36 கிராம் = 0.00336 கிலோ.
திருத்திய அழுத்தம்: 1,008 − 42 = 966 ஹெக்டோபாஸ்கல் = 96,600 பாஸ்கல்.
அடர்த்தி: 0.00336 ÷ 0.003 = கன மீட்டருக்கு 1.12 கிலோ.
வேகத்தின் வர்க்கம்: 3 × 96,600 ÷ 1.12 = 2,58,750.
வர்க்கமூலம்: நொடிக்கு 509 மீட்டர்.

நீராவியைக் கழிக்க மறந்தால் 520 வரும். பந்திலிருந்து வரும் காற்றிலேயே கொஞ்சம் நீராவி இருக்கத்தான் செய்யும். அதனால் வேகத்தில் நேரும் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. வர்க்கமூலம் எடுப்பதால் அடர்த்தியில் 2 விழுக்காடு பிழை வேகத்தில் 1 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. வீட்டுக் கருவிகளை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்க முடிவது இதனால்தான்.

8. பாட்டிலை அடைத்தல்

மூன்றாம் நாள் சோதனை சரியாக வருவதும் கெடுவதும் இந்தப் படியில்தான்.

மூடியில் ஆணியால் துளையிட்டு நான்கு கம்பிகளை உள்ளே விட்டு, சென்சார் பாட்டிலின் நடுவில் தொங்கும்படி அமைத்து, மூடியின் இரு பக்கமும் எம்-சீல் வைத்து அடைப்பீர்கள். பசை நன்றாகப் பிடித்திருக்கும், ஆனாலும் கசியும். ஏனென்றால், பல இழைகள் முறுக்கிய கம்பியில் இழைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு. பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே காற்று ஓடி வெளியே போய்விடும். வெளியில் எவ்வளவு பசை பூசினாலும் பயனில்லை. லேன் கேபிளைப் பிரித்து அதில் உள்ள ஒற்றை இழைக் கம்பிகளைப் பயன்படுத்துங்கள். பல இழைக் கம்பிதான் இருக்கிறது என்றால், பசைக்குள் புதையும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் உறையைச் சீவி, செம்பு இழைகளை ஈயப்பற்று வைத்து ஒட்டி, அந்த இடத்தைப் பசையில் புதையுங்கள்.

மூடியின் நடுவில் அழுத்தினால் ‘டக்’ என்று சத்தமிடும் குமிழ் இருந்தால் அந்த மூடி வேண்டாம். அழுத்தம் ஏறும்போது அது எழும்பிப் பருமனை மாற்றிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலும் அதே காரணத்தால் கூடாது.

அடுத்தது ஈரம். 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள சாதாரணக் கடலோர நாளில், காற்றின் அழுத்தத்தில் 32 ஹெக்டோபாஸ்கல் நீராவியுடையது. அப்படியே அடைத்து 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் பெரும்பகுதி பனித்துளியாகிக் கண்ணாடியில் ஒட்டிவிடும், 6 ஹெக்டோபாஸ்கல்தான் மிஞ்சும். 30 டிகிரியில் 1,010-க்கு மூடியிருந்தால், 0 டிகிரியில் 910 காட்ட வேண்டிய சென்சார் 888 காட்டும். இந்த 22 ஹெக்டோபாஸ்கல் சிறியதாகத் தோன்றலாம். 0-க்கும் 30-க்கும் நடுவே கோடு போட்டு நீட்டிப் பாருங்கள், தனிச்சுழி −217 டிகிரி என்று வரும்.

ஆகவே சிலிக்கா ஜெல்லை இருப்புச் சட்டியில் மிதமான தீயில் கிளறி, நிறம் மாறும் வரை உலர்த்துங்கள். மூடிய டப்பாவில் ஆறவைத்து, 5 கிராம் மட்டும் பாட்டிலில் போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். சோதனையின்போதும் அது உள்ளேயே இருக்கட்டும். எடுக்கத் திறந்தால் ஈரக் காற்று திரும்பப் புகுந்துவிடும்.

சிலிக்கா ஜெல் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று வழி: பனிக்கட்டியே இல்லாமல் 30 முதல் 55 டிகிரி வரை மட்டும் அளங்கள். பனிநிலைக்கு (நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேலே நீராவியும் மற்ற வாயுக்களைப் போலவே நடந்துகொள்ளும், விடையைக் கெடுக்காது. வீச்சு பாதியாவதால் துல்லியம் குறையும், அவ்வளவுதான்.

9. பனிக்கட்டியிலிருந்து வெந்நீர் வரை

பாட்டில் மூடியின் விளிம்பு வரை நீரில் மூழ்க வேண்டும். கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளிருக்கும் காற்றில் ஒரு பங்கு அறை வெப்பநிலையிலேயே நின்றுவிடும். காலிப் பாட்டில் மிதக்கும். அடியில் கயிறு கட்டிச் செங்கல்லோடு பிணையுங்கள், அல்லது மேலே குழவிக் கல்லைச் சாய்த்து வையுங்கள். டிஎஸ்18பி20-ஐப் பாட்டிலின் நடு உயரத்தில் ஒட்டி நீருக்குள் விடுங்கள்.

நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கூழில் தொடங்குங்கள். அடிக்கடி கிளறுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் சென்சாரின் வெப்பநிலையும் வெளியே நீரின் வெப்பநிலையும் 0.3 டிகிரிக்குள் நெருங்கி, ஐந்து நிமிடம் அப்படியே நின்றால் அழுத்தத்தைக் குறியுங்கள். காற்று மெல்லத்தான் சூடேறும், ஒரு புள்ளிக்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம். பிறகு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10, 20, 30, 40, 50 டிகிரிகளில் குறியுங்கள். சரியாக 10, 20 என்று இருக்க வேண்டியதில்லை, 21.4 என்றால் 21.4 என்றே எழுதுங்கள்.

கொதிநீரை நேராகக் கண்ணாடி மேல் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். மூடிய பாட்டிலை அடுப்பில் வைக்கவே கூடாது. 55 டிகிரிக்கு மேலே போகவும் வேண்டாம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிஎம்பி280-இன் வீச்சு 300 முதல் 1,100 ஹெக்டோபாஸ்கல் வரைதான். 30 டிகிரியில் 1,010-க்கு மூடிய பாட்டில் 57 டிகிரியில் 1,100-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் சென்சார் சொல்வதை நம்ப முடியாது.

30 டிகிரியில் 1,010 என்று தொடங்கிய உலர்ந்த காற்றுக்கு வர வேண்டிய எண்கள்: 0 டிகிரியில் 910, 10-இல் 943, 20-இல் 977, 40-இல் 1,043, 50-இல் 1,077. ஒரு டிகிரிக்கு 3.33 ஹெக்டோபாஸ்கல் ஏற்றம்.

50-ஐ எடுத்து முடித்ததும் பாட்டிலை 30 டிகிரிக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். முன்பு அதே வெப்பநிலையில் எழுதிய எண்ணுக்கு 1 ஹெக்டோபாஸ்கலுக்குள் வந்தால் கசிவு இல்லை. வராவிட்டால் வரைபடம் போட்டுப் பயனில்லை. பசையைச் சரிசெய்து மறுபடி தொடங்குங்கள்.

10. கோட்டை நீட்டுதல், விடை தவறினால் காரணம் தேடுதல்

வரைபடத்தாளில் கிடை அச்சை −300-இலிருந்து +60 வரை எடுங்கள். ஆறு புள்ளிகளும் வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும், சுழியை எட்ட இடப்பக்கம் நெடுந்தூரம் கோட்டை நீட்ட வேண்டும். 50 டிகிரி வீச்சில் அளந்து 273 டிகிரி நீட்டுகிறீர்கள். இரு முனைகளிலும் வெப்பநிலை அரை டிகிரி தவறினாலே விடை நான்கு டிகிரி நகரும். ஆகவே −268 வந்தாலும் −277 வந்தாலும் நல்ல விடைதான். −273.15 என்று புள்ளிக்குப் பின்னும் பொருந்த வந்தால் அது தற்செயல், அதைப் பெருமையாக எழுத வேண்டாம்.

பிழை பெரிதாக இருந்தால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். −240, −220 எனச் சுழிக்கு அருகில் வந்திருந்தால் பாட்டிலில் ஈரம். −300-ஐத் தாண்டிப் போயிருந்தால் கசிவு, அல்லது கழுத்து நீருக்கு வெளியே, அல்லது பாட்டில் விரிகிறது, அல்லது காத்திருக்காமல் நீரின் வெப்பநிலையை எழுதிவிட்டீர்கள். இந்த நான்குமே கோட்டின் சாய்வைக் குறைப்பவை, ஈரம் மட்டுமே சாய்வைக் கூட்டும். இது தெரிந்திருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

இரண்டு சோதனைகளும் சேரும் இடம் இதுதான். பந்திலிருந்து 30 டிகிரிக்கான வேகம் 509 வந்தது. பாட்டிலோ, வேகத்தின் வர்க்கம் தனிச்சுழியிலிருந்து எண்ணிய வெப்பநிலையோடு நேராக ஏறுகிறது என்கிறது. அப்படியானால் 0 டிகிரியில் வேகம் 483, 50 டிகிரியில் 526. கை உறையும் பனிக்கூழுக்கும் கை பொறுக்காத வெந்நீருக்கும் நடுவே மூலக்கூறின் வேகம் ஒன்பது விழுக்காடுதான் மாறுகிறது.

11. ஒலியை வைத்து ஒரு சரிபார்ப்பு

பள்ளி ஆய்வகத்தில் ஒத்ததிர்வுக் குழாய் இருந்தால் இதையும் செய்துவிடுங்கள், இருபது நிமிட வேலை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எடுத்து முதல் ஒத்ததிர்வு நீளத்தையும் இரண்டாவதையும் அளந்து கழியுங்கள். 30 டிகிரியில் வித்தியாசம் 34 சென்டிமீட்டரை ஒட்டி வரும். அதை 1,024-ஆல் பெருக்கினால் ஒலியின் வேகம், நொடிக்கு 349 மீட்டர் அளவில். காற்றில் ஒலி நகர்வதும் இதே மூலக்கூறுகள் மோதித்தான். ஆகவே இரண்டு வேகங்களுக்கும் நிலையான விகிதம் உண்டு. ஒலியின் வேகத்தை 1.464-ஆல் பெருக்குங்கள்: 511. தராசையே தொடாமல் அதே எண்ணுக்கு வந்து சேர்கிறீர்கள்.

12. ரெக்கார்டிலும் வாய்மொழித் தேர்விலும்

விடையை ‘509 ± 6 மீட்டர்/நொடி, 30 டிகிரியில்’ என்ற வடிவில் எழுதுங்கள். வெப்பநிலையைக் குறிப்பிடாத வேகத்துக்கு மதிப்பில்லை. நீங்கள் அளந்தது சராசரி இருமடிமூல வேகம். சாதாரணச் சராசரி வேகம் 30 டிகிரியில் 471, மிகவும் சாத்தியமான வேகம் 417. மூன்றையும் குழப்பினால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். காற்று என்பது கலவை என்பதையும் சொல்லுங்கள்: நைட்ரஜன் மூலக்கூறு இந்தச் சராசரியைவிடச் சற்று வேகம், ஆக்சிஜன் சற்று மெதுவு.

நொடிக்கு அரைக் கிலோமீட்டர் ஓடும் மூலக்கூறு என்றால், பூசையறையில் போட்ட சாம்பிராணியின் மணம் கூடத்துக்கு வர ஏன் இவ்வளவு நேரம் என்று கட்டாயம் கேட்பார்கள். சாதாரண அழுத்தத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோதாமல் போகும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். நொடிக்கு எழுநூறு கோடி முறை மோதித் திசை மாறுகிறது. மணத்தைச் சுமக்கும் மூலக்கூறுக்கும் இதே நெரிசல்தான். ஓட்டம் வேகமானது, ஆனால் எந்தத் திசையிலும் நிலைப்பதில்லை. மணம் கூடத்துக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு அறையில் அசையும் காற்றுடையது.

சோதனை முடிந்ததும் பாட்டிலின் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது திறக்காதீர்கள், உள்ளழுத்தம் குறைவாக இருப்பதால் மூடி இறுகிப் பிடித்திருக்கும். அறை வெப்பநிலைக்கு வந்ததும் சுலபமாகத் திறக்கும். சிலிக்கா ஜெல்லை மறுபடி வறுத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.